பள்ளி உணவுக்கு நிதி கேட்கும் முன் எழுதவேண்டிய தாள்

பள்ளி உணவுத் திட்டத்துக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அது முன்பே தெரியும். உங்கள் சமையல்கூடத்தில் காலை பத்து மணிக்கு எது தாமதமாகிறது, எது வீணாகிறது, யாருக்குக் குறைகிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லும் ஒரு தாளைச் சமையல்கூடத்திலேயே தினமும் எழுதி வந்தால் விண்ணப்ப வேலை பாதி முடிந்த மாதிரி. பயிற்சியை எங்கே தொடங்கலாம் என்பதையும் அதே தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

அதைத் தினசரி சமையல் பதிவு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு பக்கம் போதும். எத்தனை பேருக்குத் திட்டமிட்டோம், எத்தனை பேர் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு பொருளின் பச்சை எடை, சமைத்த பின் எடை. எந்தக் கரண்டியால் எத்தனை முறை பரிமாறினோம். அடுப்பிலிருந்து இறக்கும்போதும் பரிமாறத் தொடங்கும்போதும் வெப்பம். பாத்திரத்தில் மிஞ்சியது, தட்டுகளிலிருந்து வாளிக்குப் போனது. ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம். சமைப்பவரே, சமைக்கும்போதே எழுதவேண்டும். சாயங்காலம் அலுவலக அறையில் உட்கார்ந்து நிரப்பிய பதிவு பார்த்தவுடனே தெரிந்துவிடும். வெப்பம் எல்லா நாளும் 75, மிச்சம் எல்லா நாளும் பூஜ்யம், ஒரே பேனா, ஒரே சாய்வு. நிதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட தாள்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவர்கள். பென்சிலைக் கயிற்றில் கட்டி அடுப்பங்கரைச் சுவரில் தொங்கவிடுவது அற்ப விஷயமாகத் தோன்றும். பதிவு நடக்குமா நடக்காதா என்பது பல இடங்களில் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

எடைபோடத் தராசு இருந்தால் மட்டும் போதாது. 45 கிலோ சோறு இருக்கும் அண்டாவை இறக்கி, காலி செய்து, மறுபடி நிறுத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு அண்டாவையும் ஒருமுறை காலியாக நிறுத்து, வெளிப்புறத்தில் கைப்பிடிக்குக் கீழே அந்த எடையைப் பெயின்டால் எழுதிவிடுங்கள். மொத்த எடையில் அதைக் கழித்தால் தீர்ந்தது.

குறைவது எங்கே?

பதிவு எழுதத் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் அநேகமாக எல்லாச் சமையல்கூடத்திலும் இரண்டு கணக்குப் பிழைகள் வெளியே வரும்.

முதலாவது, கழிவுக் கணக்கு. 300 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60 கிராம் முட்டைக்கோஸ் என்றால் நறுக்கிய காய் 18 கிலோ வேண்டும். மேலிலை, தண்டு எல்லாம் போக 80 சதவீதம்தான் தேறும் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு வாங்கவேண்டும்? பெரும்பாலோர் 18 கிலோவில் 20 சதவீதத்தைக் கூட்டி 21.6 கிலோ என்பார்கள். அது தப்பு. 18-ஐ 0.80-ஆல் வகுக்கவேண்டும்: 22.5 கிலோ. வித்தியாசம் 900 கிராம். அதில் 80 சதவீதம்தான் தேறும் என்பதால் தட்டுக்கு வராமல் போவது 720 கிராம், அதாவது 12 பிள்ளைகளின் பங்கு. கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்குக் குழம்பு மட்டும் கிடைப்பதற்குப் பெரும்பாலும் திருட்டோ கஞ்சத்தனமோ காரணமில்லை. கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டி, வகுக்க வேண்டிய இடத்திலும் கூட்டியதுதான் காரணம். 80 என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்க்குக் காய், பருவத்துக்குப் பருவம் அது மாறும். ஒவ்வொரு காயையும் மூன்று தடவை நறுக்கும்முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து உங்கள் அட்டவணையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கரண்டி. 150 கிராம் பிடிக்கும் கரண்டியில் கோபுரமாக அள்ளினால் 165 கிராம் போய்விடும். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். 300 பேருக்குச் சமைத்தது 272 பேரோடு தீர்ந்துபோகும். கரண்டியை மட்டமாக வழித்துப் பரிமாறப் பழகுவதற்குப் பத்து நிமிடப் பயிற்சி போதும். ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறுபவருக்கு அது கடினம் என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு: சின்ன வகுப்புகளுக்கு ஒரு கரண்டி, பெரிய வகுப்புகளுக்கு வேறொரு கரண்டி என்று இரண்டு அளவு வைத்து, கைப்பிடியில் இரண்டு நிறத்தில் டேப் சுற்றிவிடுவது. இரக்கத்துக்கு எல்லோரும் சாப்பிட்ட பிறகு இரண்டாம் சுற்றில் இடம் கொடுக்கலாம்.

அரிசி 1 கிலோவுக்குச் சோறு இரண்டரை முதல் மூன்று கிலோ வரை வரும். ஆளுக்கு 150 கிராம் சோறு என்றால் இந்த அரைக் கிலோ வித்தியாசம் 300 பேருக்கு மூன்று கிலோ அரிசி ஆகிறது. அதனால்தான் அரிசி ரகம் மாறும்போதெல்லாம் ஒரு தடவை மறுபடி நிறுத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

இலவசமாகக் கிடைப்பவை

பெரிய அளவுச் சமையலுக்குச் சோதித்துப் பார்த்த குறிப்புகளை நாமே முதலிலிருந்து உருவாக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இயங்கும் குழந்தைகள் ஊட்டச்சத்து நிறுவனம் 50 பேர், 100 பேர் என்ற அளவுகளில் சமையல் குறிப்புகளையும் பயிற்சிக் கையேடுகளையும் இலவசமாகத் தருகிறது. அந்த நாட்டு வேளாண்துறையின் உணவு வாங்கல் வழிகாட்டியில் ஒவ்வொரு பொருளும் சுத்தம் செய்த பின் எவ்வளவு தேறும் என்ற அட்டவணை இருக்கிறது. உலக உணவுத் திட்டம் உணவுப் பட்டியல் திட்டமிட ஒரு கணினிக் கருவி வைத்திருக்கிறது. உள்ளூர்ப் பொருள்களின் விலையையும் சத்தையும் உள்ளிட்டால் குறைந்த செலவில் தேவையான சத்து வரும் பட்டியலைக் காட்டும். சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து விதிகள் ஒரே சுவரொட்டியில் அடங்கும்: சுத்தம், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், முழுமையாக வேகவைத்தல், பாதுகாப்பான வெப்பநிலை, பாதுகாப்பான தண்ணீரும் மூலப்பொருளும்.

அமெரிக்கக் குறிப்புகளை எடுத்தால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். வெப்பம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். கப் என்பது சுமார் 237 மில்லி. கரண்டிக்கு எண் போட்டிருப்பார்கள். 8 எண் கரண்டி 16 எண்ணைவிடப் பெரியது. 946 மில்லி கொண்ட ஒரு குவார்ட் அளவைக் காலி செய்ய எத்தனை கரண்டி வேண்டும் என்பதுதான் அந்த எண். ஆகவே 8 என்றால் சுமார் 118 மில்லி, 16 என்றால் 59.

100 பேர் குறிப்பை 350 பேருக்கு மாற்றும்போது எல்லாவற்றையும் 3.5-ஆல் பெருக்கினால் தண்ணீரும் உப்பும் காரமும் அதிகமாகிவிடும். தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. அளவு மூன்றரை மடங்கானாலும் வாய் அகலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. தண்ணீரைக் கொஞ்சம் பிடித்துவைத்துத் தேவைப்பட்டால் விடுங்கள். உப்பு, காரம் இரண்டையும் பெருக்கி வந்த அளவில் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். கூட்டிய அளவைத் தாளில் எழுதுங்கள். மூன்று முறை ஒரே அளவு வந்தால் அது இனி உங்கள் குறிப்பு. எல்லாம் எடையில் இருக்கட்டும். படி, டம்ளர் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

நன்கொடையாக மூட்டை மூட்டையாக வந்து சேரும் பொருள்களில் பெரிய பீன்ஸ் வகைகளை, குறிப்பாக ராஜ்மாவை, தனியாகச் சொல்லவேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் வேகவைப்பது இதற்குப் போதாது.

வெப்பம்

இந்தப் பகுதிக்கு ஒதுக்கும் பயிற்சி நேரத்தைக் குறைக்கவே கூடாது. பள்ளி உணவில் பெரிய அளவில் நோய் பரவுவது பல நேரம் கெட்டுப்போன பொருளால் அல்ல, நல்ல பொருளை நல்லபடி சமைத்துத் தப்பான சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பதால்தான். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'நல்லாக் கொதிக்கவெச்சுட்டா சரியாயிடும்' என்ற நம்பிக்கை இங்கே ஆபத்து. பெரிய அண்டாவில் கெட்டியாக இருக்கும் குழம்பிலும் கறியிலும் வேறொரு கிருமி இதே வேலையைச் செய்யும்: பெர்ஃபிரிஞ்சென்ஸ். 60 லிட்டர் அண்டாவை மூடி அப்படியே விட்டால் ஓரம் ஆறிப்போன பிறகும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு வேண்டியது அதுதான்.

எண்கள் இவை. உணவின் மையம் குறைந்தது 70 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும். 75 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. பரிமாறும் வரை 60-க்குக் கீழே இறங்கக்கூடாது. குளிர்ச்சியாக வைப்பது 5 அல்லது அதற்குக் கீழ். ஆறவைத்தே ஆகவேண்டும் என்றால், அமெரிக்க மாதிரி உணவு விதித்தொகுப்பின்படி 57-லிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், 5-க்கு மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் இறக்கவேண்டும். அதற்கு ஆழமில்லாத தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பவேண்டும். சுடச்சுட அண்டாவோடு குளிர்பெட்டிக்குள் தள்ளினால் அது ஆறுவதற்குள் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறிவிடும். ஆறவைக்கும் வசதி இல்லாத சமையல்கூடம் மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கவே கூடாது. எவ்வளவு சமைப்பது என்ற கணக்கைத்தான் திருத்தவேண்டும்.

தெர்மாமீட்டர் வாங்கிய நாளோடு அதை நம்பிவிடக் கூடாது. உயரமான டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடுக்குகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கி, முனையை நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி அரை நிமிடம் பொறுங்கள். முனை டம்ளரின் அடியையோ ஓரத்தையோ தொடக்கூடாது. பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலேயோ கீழேயோ இருந்தால் சரி. தண்ணீர் அதிகமாகி ஐஸ் மிதந்தால் 2, 3 என்று காட்டும். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதென்று தூக்கிப்போட்டுவிடுவார்கள். வாரம் ஒருமுறை, கீழே விழுந்தால் உடனே, சோதிக்கவேண்டும்.

பாத்திரம், மேடை துடைப்பதற்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் லிட்டருக்கு 2 மில்லி விட்டால் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) வரும். பத்து லிட்டர் வாளிக்கு 20 மில்லி. சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் இது. எண்ணெய்ப் பிசுக்கும் பருக்கையும் ஒட்டியிருந்தால் குளோரின் அவற்றோடேயே தீர்ந்துபோகும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். வினிகர், கழிப்பறை ஆசிட் எதோடும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

பயிற்சி யாருக்கு, எவ்வளவு?

அமெரிக்காவில் 2015 ஜூலை முதல் பள்ளி உணவுப் பணியாளர்களுக்கு ஆண்டுப் பயிற்சி கட்டாயம். இப்போதைய அளவு இது: இயக்குநர்களுக்கு 12 மணி நேரம், மேலாளர்களுக்கு 10, மற்ற பணியாளர்களுக்கு 6, வாரம் 20 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர்களுக்கு 4. மணிக்கணக்கு ஓர் அளவுகோல்தான். ஆறு மணி நேரத்தையும் ஒரே நாளில் மண்டபத்தில் உட்காரவைத்துத் தீர்த்துவிடலாம், சான்றிதழும் கிடைக்கும், மறுநாள் கரண்டி பழையபடியே கோபுரமாக அள்ளும். அதைவிட மோசம், பயிற்சிக்கு மேற்பார்வையாளர் போய்வருவதும், அடுப்படியில் நிற்பவர் அவர் கொண்டுவந்த கையேட்டை அலமாரியில் பார்ப்பதும்.

பலன் தருவது வேலை தொடங்குமுன் 15 நிமிடம், ஒரே ஒரு திறன், அவரவர் பாத்திரத்தில், அவரவர் அடுப்பில். செய்துகாட்டு, கூடச் செய், தனியாகச் செய்யவிடு, ஒரு வாரம் கழித்து வந்து பார். கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வந்து பார்க்கும்போது கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். கையைக் கவனியுங்கள், பதிவைப் புரட்டுங்கள். சில நேரம் பயிற்சியே வேறொன்றைக் காட்டிக்கொடுக்கும். இருபது விநாடி கைகழுவ எல்லோருக்கும் தெரிந்திருக்கும், குழாயடியில் சோப்பு இருக்காது. அங்கே வாங்கவேண்டியது சோப்பு.

யாருக்கு என்ன தெரியும் என்பதைச் சுவரில் கட்டம் போட்டு வையுங்கள். பெயர்கள் கீழ்நோக்கி, வேலைகள் குறுக்காக. ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரித்து, பார்த்திருக்கிறார், துணையோடு செய்கிறார், தனியே செய்கிறார், கற்றுத்தருவார் என்று ஒவ்வொரு கால்பங்காக நிரப்புங்கள். எந்த வேலையிலும் 'தனியே செய்கிறார்' நிலையில் குறைந்தது இருவர் இருக்கவேண்டும். ஒருவர்தான் என்றால் அவர் விடுப்பெடுக்கும் நாளில்தான் விபத்து நடக்கும். மாற்றாக வருபவருக்கு முதல் நாள் நான்கு விஷயம் போதும்: கை கழுவுதல், கத்தி, கொதிக்கும் எண்ணெய், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல். ஒவ்வாமையில் தவறு நடப்பது பெரும்பாலும் வழக்கமான சமையலில் அல்ல. வழக்கமான பொருள் தீர்ந்து வேறு பிராண்ட் வாங்கிய அன்றுதான். புது உறையைப் படிக்காமல் பிரிக்கக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

நிதி

கருவிகளுக்கும் கட்டடத்துக்கும் பயிற்சிக்கும் நிதி கிடைக்கும். அன்றாடச் செலவுக்குக் கொடுப்பவர்கள் அரிது. ஆகவே விண்ணப்பத்தில் 'நிதிக்காலம் முடிந்தபின் யார் செலவு செய்வார்கள்?' என்ற கேள்வி எப்படியும் வரும். 'பொதுமக்கள் ஆதரவோடு தொடர்வோம்' என்பது பதில் ஆகாது. மின்கட்டணம் மாதம் எவ்வளவு கூடும், பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எழுதவேண்டும்.

எதைக் கேட்பது? இங்கேதான் நேரக் குறிப்பு கைகொடுக்கிறது. உணவு தாமதமாகிறதென்றால் பெரிய அடுப்பு கேட்கத்தான் கை போகும். பதிவைப் பார்த்தால் அடுப்பு பத்தரை மணி வரை சும்மா இருந்திருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து 22.5 கிலோ கோஸை நறுக்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே வேண்டியது காய் நறுக்கும் இயந்திரம். பெரிய அடுப்பு வந்தாலும் காய்க்காகக் காத்துத்தான் கிடக்கும். விண்ணப்பத்தில் அதை இப்படி எழுதலாம்: 'பத்து நாள் பதிவின்படி காய் நறுக்க இருவருக்குச் சராசரியாக இத்தனை நிமிடம் ஆகிறது, அதனால் உணவு இத்தனை மணிக்கு முன் தயாராவதில்லை, இத்தனை நாள் கடைசி வகுப்பு இடைவேளை முடிந்த பிறகே சாப்பிட்டது, இயந்திரம் வந்தபின் அதே பதிவை மறுபடி பத்து நாள் எடுத்து ஒப்பிட்டுக் காட்டுவோம்.' பிரச்சினை, ஆதாரம், தீர்வு, அளக்கும் முறை நான்கும் அதில் வந்துவிட்டன. மதிப்பெண் அட்டவணை கொடுத்திருந்தால் அதன் வரிசையிலேயே, அதன் சொற்களிலேயே பதில் எழுதுங்கள், படிப்பவரைத் தேடவிடாதீர்கள்.

கருவியின் விலை மட்டும் பட்ஜெட் ஆகாது. 9 கிலோவாட் நீராவிச் சமையல் கருவி 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் சுமார் 39 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக் அதில் பாதியைக்கூடத் தாங்காது. மும்முனை இணைப்பு, தனி வயரிங், தண்ணீர் அழுத்தம், வடிகால், புகைபோக்கி எல்லாம் பட்டியலில் வரவேண்டும். தண்ணீர் உப்பாக இருந்தால் மென்னீர்க் கருவியும் வேண்டும், இல்லையென்றால் உள்ளே உப்புப் படிந்து சூடேற்றும் கம்பி சீக்கிரம் போய்விடும். வாசல் அகலத்தையும் திரும்பும் இடத்தையும் டேப் வைத்து அளங்கள். கருவி வாசலுக்கு வெளியே பாலிதீனோடு நிற்பது அபூர்வக் காட்சி அல்ல. மூன்று கொட்டேஷன் வாங்கும்போது ஒரே பிராண்டின் மூன்று கடையாக இல்லாமல், 'மணிக்கு இத்தனை கிலோ நறுக்கவேண்டும்' என்று திறனைச் சொல்லிக் கேளுங்கள். சர்வீஸ் ஆள் எத்தனை நாளில் வருவார், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பம் முடிவாக மாதக்கணக்கில் ஆகும். கொட்டேஷன் காலாவதியாகி விலை ஏறும். எதிர்பாராச் செலவுக்கு ஒரு பங்கு ஒதுக்க அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் வரும் விதத்தையும் பார்க்கவேண்டும். முதலில் நீங்கள் செலவு செய்து, பில் கொடுத்த பிறகு திருப்பித் தருவது ஒரு முறை. கையில் பணமில்லாத பள்ளி இதில் மாட்டிக்கொண்டு கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்கும். ஒப்பந்தத் தொடக்கத் தேதிக்கு முன் வாங்கியதற்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். 'அனுமதி வந்துவிட்டது' என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி ஆர்டர் போட வேண்டாம், கையெழுத்தான தாள் வரட்டும். வேலை தாமதமானால் கால நீட்டிப்பை இறுதித் தேதிக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

உள்ளூர் விவசாயிகளிடம் வாங்குவதற்கென்றும் நிதிகள் உண்டு. பிரேசில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் செலவிடவேண்டும் என்று வைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பணம் இரண்டு மாதம் தாமதமானால் சிறு விவசாயி அடுத்த வாரமே வேறு சந்தைக்குப் போய்விடுவார். வாங்கும் ஒப்பந்தத்தைவிடப் பணம் கொடுக்கும் தேதியை முதலில் உறுதிசெய்யுங்கள். எந்த வாரம் எந்தக் காய் கிடைக்கும் என்று அவரிடமே கேட்டுப் பட்டியலைப் போடுங்கள்.

கருவி வந்து இறங்கியதும் வரிசை எண்ணோடு புகைப்படம் எடுத்துச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான். பொருத்த வருபவர் கிளம்புவதற்குள் குறைந்தது இருவர் அதைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டிக் காட்டட்டும். உத்தரவாதம் முடியும் தேதியைக் கருவியின் மேலேயே ஒட்டுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு சர்வீஸ் ஆளை வரவழைத்து முழுதாகப் பார்க்கச் சொன்னால், அதுவரை துணியைச் சுற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்த கசிவெல்லாம் செலவில்லாமல் சரியாகும்.